வெள்ளிக்கிழமை வீணை

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவ இரவுகளில், நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்பும்போது வீணை வாசிப்பது வழக்கம். அத்தனை பெரிய கூட்டமும் அப்போது வாய் திறவாமல் நிற்கும்.

காரணம் இருக்கிறது. பொன்மலை ரயில் பட்டறையின் சங்கு ஊதினால் ஊருக்கே கேட்கும். வீணை அப்படி அல்ல. அதன் குரல் மெல்லியது. பேச்சு நின்றால்தான் காதில் விழும்.

சென்னை ஜார்ஜ் டவுனிலும் ஒரு வீட்டில் வாரந்தோறும் இப்படி ஒரு மௌனம் நிலவியது. நாள், வெள்ளிக்கிழமை. நேரம், மாலை. பெரிய பெரிய வித்துவான்கள் எல்லாம் வந்து பாயில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு பெண்மணி. அவர் கையில் வீணை.

அவர்தான் வீணை தனம்மாள்.

தஞ்சாவூர்ப் பரம்பரை

தனம்மாள் 1860-களின் கடைசியில் சென்னையில் பிறந்தார். தேவதாசி மரபில் வந்த குடும்பம். பாட்டி காமாட்சி தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள் நன்றாகப் பாடுவார். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் குடும்பத்தாரிடம் பாடம் கேட்ட வீடு அது.

வீட்டில் கற்றது தனம்மாளுக்குப் போதவில்லை. சாத்தனூர் பஞ்சு அய்யரிடம் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைக் கற்றார். வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசரிடம் க்ஷேத்ரக்ஞர் பதங்களைக் கற்றார். பாலகிருஷ்ணதாசருக்குக் கண் தெரியாது. பதங்களை எல்லாம் மனதிலேயே வைத்திருந்தார்! அவர் பாட, தனம்மாள் கேட்டு, அப்படியே தம் நெஞ்சில் வாங்கிக் கொண்டார்.

விரலும் குரலும்

வீணை பலா மரத்தில் செய்வது. மெட்டுக்கள் 24. தந்திகள் 7, அவற்றில் 4 வாசிக்க, 3 தாளத்துக்கு. வாசிப்பவர்களில் பலர் விரலில் கம்பி வளையம் மாட்டிக் கொண்டு தந்தியை மீட்டுவார்கள். ஓசை பலமாக வரும். தனம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. வெறும் விரலால் மீட்டினார். ஓசை குறைந்தது, இனிமை கூடியது. வாசித்துக் கொண்டே தாழ்ந்த குரலில் பாடவும் செய்வார். எது தந்தி, எது தொண்டை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வேகம் காட்டி அசத்துவது அவர் வழி அல்ல. அவசரப்படாமல், ராகத்தை நிதானமாகக் கொண்டு போவார். நடுவில் யாராவது பேசினால் பொறுக்க மாட்டார்.

அதே நூற்றாண்டில் ஜெர்மனியில் கிளாரா ஷூமான் என்ற பெண்மணி இருந்தார். 1819-ல் பிறந்தவர். 9 வயதிலேயே மேடை ஏறிப் பியானோ வாசித்தவர். சொந்தமாக இசை இயற்றியவர். 1856-ல் கணவர் இறந்து போனார். பிறகு ஊர் ஊராகச் சென்று பியானோ வாசித்தே குழந்தைகளை வளர்த்தார். தனம்மாளின் பிழைப்பும் வாத்தியத்தை நம்பித்தான். ஆனால் அவர் ஊரைத் தேடிப் போனது குறைவு. ஊர்தான் அவரைத் தேடி வந்தது. பாட்டு இயற்றியவர் என்ற பெயரும் அவருக்கு இல்லை. பிறர் இயற்றியதைச் சிதறாமல் காத்தவர் அவர். தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகள் பரவியதில் தனம்மாள் வீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

கஷ்ட காலம்

1890-களில் தேவதாசிகளின் ஆட்டத்தையும் பாட்டையும் ஒதுக்க வேண்டும் என்று சென்னையில் ஓர் இயக்கம் கிளம்பியது. நல்ல நோக்கத்தோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆனாலும் அந்தக் குடும்பங்களில் அடுப்பு எப்படி எரியும் என்று நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆதரித்த கைகள் பல மெல்ல விலகின.

தனம்மாளுக்கு நான்கு பெண்கள். ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜயம்மாள், காமாட்சி. வீட்டில் பணக் கஷ்டம் வந்தது. வயதான காலத்தில் பார்வையும் போயிற்று. கண் தெரியாத குருவிடம் கற்ற பதங்களை, கண் தெரியாத நிலையில் தனம்மாள் வாசித்தார். வீணைக்குக் கண் எதற்கு? விரல் போதும்.

பேத்திகள்

பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் மூலம் பேத்திகளுக்கும் அந்தப் பாட்டு போயிற்று. காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடுவதில் பெயர் பெற்றார்கள். ஜயம்மாளின் பெண் பாலசரஸ்வதி பரத நாட்டியத்தில் உலகப் புகழ் அடைந்தார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1973-ல் பாலசரஸ்வதிக்கும், 1976-ல் பிருந்தாவுக்கும் கிடைத்தது.

தனம்மாள் 1938 அக்டோபர் 15-ந் தேதி காலமானார். சென்னையில் வானொலி நிலையம் திறந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. திருச்சி நிலையம் மறு ஆண்டு மே 16-ந் தேதி தொடங்கியது. திருச்சிக்காரர்கள் வீட்டில் இருந்தபடியே கச்சேரி கேட்கும் காலம் வருவதற்கு ஏழு மாதம் முந்தியே அவர் போய் விட்டார்.

ஆனால் 1930-களில் அவர் வாசிப்பைச் சில இசைத்தட்டுகளில் பிடித்து வைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷம்தான் இடம். அவை இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. தட்டில் ஊசி உரசும் இரைச்சல் முதலில் கேட்கும். கொஞ்சம் பொறுத்தால், அதற்கு அடியில் வீணையும், கூடவே ஒரு வயதான குரலும் வரும்.