பி. எஸ். ராமையா

தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றைப் பேசப் புகுவோர் மணிக்கொடியைக் கூறாது மேற்செல்லார். மணிக்கொடியைக் கூறுவோர் பி. எஸ். ராமையாவை மறத்தல் இயலாது. ஆயினும் பத்திரிகை, சிறுகதை, நாவல், திரைப்படம், நாடகம் ஆகிய ஐந்து துறைகளிலும் உழைத்த அப்பெரியாரின் வாழ்க்கையை முற்றும் அறிந்த மாணவர் சிலரே.

திண்டுக்கல்லினின்று தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது வத்தலக்குண்டு. கமலாம்பாள் சரித்திரம் இயற்றிய ராஜமையரை ஈன்ற அவ்வூரிலேயே 1905ஆம் ஆண்டில் ராமையாவும் தோன்றினார். கல்லூரிக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்திற் கலந்து சிறை புகுந்தார். பின்னர், ஆனந்த விகடன் போட்டிக்கு எழுதிய மலரும் மணமும் என்னும் சிறுகதையால் எழுத்துலகில் அடியெடுத்து வைத்தார்.

1933இல் அரசியல் வார ஏடாகத் தோன்றிய மணிக்கொடி, 1935இல் அவரது பொறுப்பில் சிறுகதைக்கே உரிய ஏடாயிற்று. புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி முதலியோரின் கதைகள் அதில் ஒளிவீசின. தம் பெயர் விளங்குவதினும் பிறர் எழுத்து விளங்குவதையே அவர் பெரிதெனக் கொண்டார். எனினும் நல்ல இலக்கியம் நல்ல வருவாய் தருவதன்று. ஏடும் நெடுநாள் நிலைக்கவில்லை.

அதன்பின் அவர் திரையுலகம் புகுந்தார். மதன காமராஜன், குபேர குசேலா முதலிய படங்களுக்கு எழுதினார். 1947இல் வெளிவந்த தன அமராவதியைத் தாமே இயக்கினார். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழுவினருக்காகத் தேரோட்டி மகன், போலீஸ்காரன் மகள் முதலிய நாடகங்களை யாத்தளித்தார். முன்னது கர்ணனின் துயரை மேடைக்குக் கொணர்ந்தது. பின்னது 1962இல் ஸ்ரீதரின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று.

திரையும் மேடையும் ஒரு சிறந்த சிறுகதையாசிரியரைக் கவர்ந்துகொண்டன என வருந்துவாரும் உளர். அவ்வருத்தம் முற்றும் பொருந்துவதன்று. ஏடு வாங்கிப் படிக்கும் வசதியில்லாதாரும், எழுத்தறியாதாரும் கொட்டகையில் அமர்ந்து கதை கேட்டனர். அவர்களுக்கென எழுதுதலும் இலக்கியத் தொண்டேயாம். மேலும், அவ்வுழைப்பிற்கு இடையிலும் முந்நூறளவிற் சிறுகதைகளை அவர் எழுதியுள்ளார். சின்னமனூரைத் தம் பெயரின் முன்னெழுத்தாகக் கொண்ட சி. சு. செல்லப்பா, அக்கதைகளின் பாணியை ஆராய்ந்து தனி நூலே எழுதினார்.

1982ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு ராமையாவிற்குக் கிடைத்தது. அது அவருடைய கதைக்கோ நாடகத்திற்கோ அன்று. தம் தோழர்களின் பணியை நினைந்து எழுதிய மணிக்கொடி காலம் என்னும் நூலுக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

ஐந்து தாலந்தைப் பெற்ற ஊழியன் அவற்றைப் புதைத்து வையாது பெருக்கினான் என நம் வேதம் கூறும். ராமையா தம் தாலந்தோடு பிறர் தாலந்தையும் பெருக்கினார். எழுத விழையும் மாணவர் அவரிடம் கற்கத்தக்கது இதுவேயாம்.