பஸ்ஸுக்கு நேரம் கற்பித்தவர்

டி.வி. சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கைக் கதை

திருச்சிக்குப் புதிதாக வருகிறவர்களை இரண்டு டோல்கேட்டுகள் குழப்பிவிடும். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட். நகரின் தென்புறத்தில் இருப்பது டி.வி.எஸ். டோல்கேட். பெயரை முழுதாகச் சொல்லாமல் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால், தெற்கே போக வேண்டியவர் வடக்கே போய் இறங்கி விழிப்பார்.

அந்த டோல்கேட்டின் அருகில் டி.வி.எஸ். கம்பெனியின் இடம் இருந்தது. அதனால் வந்த பெயர் அது. புதுக்கோட்டையிலும் ஒரு டி.வி.எஸ். கார்னர் உண்டு. தெருவுக்கும் முனைக்கும் பெயராகிப்போன இந்த மூன்று எழுத்துக்கு உரியவர் யார்?

வேலையை விட்டார்

அவர்தான் டி.வி. சுந்தரம் அய்யங்கார். 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி, திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். ஸ்ரீரங்கத்தைப் போலவே அதுவும் ஆழ்வார்கள் பாடிய திருத்தலம். அவருடைய பேரன் வேணு சீனிவாசன் பிற்காலத்தில் ஸ்ரீரங்கம் கோவிலின் அறங்காவலர் குழுத் தலைவராக இருந்தார். 2015-ல் அங்கே குடமுழுக்கு நடந்ததும் அப்போதுதான்.

சுந்தரம் அய்யங்கார் முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரயில்வேயில் வேலை. அதன் பின் பாங்கியில் உத்தியோகம். எல்லாம் மதிப்பான வேலைகள். ஆனாலும் அவர் மனம் மோட்டாரில் ஓடியது. அந்தக் காலத்தில் ரயில் போகாத ஊருக்கு மாட்டு வண்டி ஒன்றே கதி. பத்து மைல் போக அரை நாள் ஆகும். ரயில்வேயில் இருந்தவருக்கு அந்தக் குறை நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

கையில் இருந்த வேலையை விட்டார். 1912-ல் பஸ் சர்வீஸ் தொடங்கினார். குடும்பஸ்தர் ஒருவர் அன்று துணிந்து இறங்கக்கூடிய தொழில் அல்ல அது. வண்டி கடல் கடந்து வர வேண்டும். உதிரிப் பாகமும் கடல் கடந்து வர வேண்டும். ஒரு பாகம் உடைந்தால் வண்டி கொட்டகையில் நிற்கும். வட்டி மட்டும் நிற்காது.

ஆணி பொறுக்கிய வண்டி

சாலைகளோ மாட்டு வண்டிச் சாலைகள். மாட்டின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். பஸ் டயரில் ஏறினால் அவ்வளவுதான். இதற்கு அவர் கண்ட வழியை மதுரைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். ஒரு வண்டியில் பெரிய காந்தத்தைக் கட்டிச் சாலையில் ஓட்டச் செய்தாராம். ஆணிகளைக் காந்தம் பொறுக்கிக்கொள்ளும். பின்னால் பஸ் நிம்மதியாகப் போகும்.

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. சும்மா கிடைத்த பெயரா அது? டிரைவர் வேகமாக ஓட்டினால் மட்டும் நேரத்துக்குப் போய்விட முடியாது. இரவில் கொட்டகையில் விளக்கை வைத்துக்கொண்டு என்ஜினைத் திறந்து பார்க்கிறவன் கையில்தான் காலைப் பயணம் இருக்கிறது.

மயிரிழை இடைவெளி

என்ஜினுக்குள் வால்வு என்று சிறு கதவுகள் உண்டு. ஒரு கதவு பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை உள்ளே விடும். இன்னொன்று எரிந்த புகையை வெளியே தள்ளும். என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு கதவும் நிமிஷத்துக்குப் பல நூறு தடவை திறந்து மூடும். கதவைத் தட்டித் திறப்பது ஒரு சிறிய இரும்புக் கை. அந்தக் கைக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். எவ்வளவு தெரியுமா? பல என்ஜின்களில் ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி, அதில் 10 கூறு அளவு. மூன்று நான்கு தலைமயிரை அடுக்கி வைத்த கனம்!

எதற்கு இந்த இடைவெளி? வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். நெருப்பில் காய்ச்சினால் பட்டா விரியும். சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். வால்வின் தண்டும் அப்படித்தான், சூடேறினால் நீளும். இடைவெளி இல்லாவிட்டால், நீண்ட தண்டு இரும்புக் கையில் முட்டிக்கொள்ளும். கதவு முழுதாக மூடாது. மூடாத கதவின் விளிம்பை நெருப்பு நக்கி நக்கித் தின்றுவிடும். வண்டி இழுக்காது. பிள்ளை குட்டிகளோடு வந்த பிரயாணிகள் விராலிமலைக்கும் திருச்சிக்கும் நடுவே இருட்டில் இறங்கி நிற்க வேண்டியதுதான்.

இடைவெளி அதிகமானாலும் ஆபத்து. டக் டக் என்று சத்தம் போடும். கதவு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடிக்கொள்ளும். பாகங்கள் தேயும். ஆகவே மெக்கானிக் மெல்லிய தகடு ஒன்றை அந்தச் சந்தில் விட்டுப் பார்ப்பார். தகடு லேசாகப் பிடித்தபடி நழுவி வந்தால் சரி. இல்லையென்றால் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, மறுபடி முடுக்குவார். கால் திருகு அதிகமானாலும் வேலை கெட்டுவிடும். டாப்பெட் வைப்பது என்று பட்டறையில் இதைச் சொல்வார்கள். முழு ரிப்பேரை விட இந்தச் சிறு வேலைக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும் என்பது என் எண்ணம். பழுதான பிறகு பார்ப்பதை விடப் பழுது வராமல் பார்ப்பது என்பதில்தான் அந்தக் கம்பெனியின் பெயர் நின்றது.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாவது உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. கம்பெனி மதுரையில் காஸ் பிளான்ட் செய்து கொடுத்தது. வண்டியோடு ஒரு பெரிய உருளை அடுப்பு. அதில் அடுப்புக்கரி புகைந்து எழும் வாயுவில் பஸ் ஓடும். புறப்படும் முன் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கிளீனர் வியர்த்துப்போவார். மேடு வந்தால் வண்டி முக்கி முனகும். சாம்பலும் பிசினும் வால்வில் ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குக் கூடுதல் வேலை. ஆனாலும் பஸ் ஓடியது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்கள் போய் வந்தார்கள்.

மகளின் பாதை

வீட்டில் அவருக்கு வந்த சோதனை வேறு. அவருடைய மகள் சௌந்தரத்துக்குச் சிறு வயதிலேயே திருமணம் ஆனது. டாக்டரான கணவர் பிளேக் நோயில் இறந்தார். ஆசாரமான குடும்பம். இளம் விதவையை மூலையில் உட்கார வைத்த காலம். தகப்பனார் அப்படி வைக்கவில்லை. டில்லிக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தார்.

அங்கே சௌந்தரம், காந்தியடிகளின் சீடர் ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். வேறு சாதி, மறுமணம் வேறு. இதற்குப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. 1940-ல் காந்தியடிகளின் முன்னிலையில் திருமணம் நடந்தது. படிக்க அனுப்பிய தகப்பனாரால் அந்த இன்னொரு படியையும் தாண்ட முடியவில்லை. 1947-ல் சௌந்தரம் தம்பதிகள் திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமம் பிற்காலத்தில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

சுந்தரம் அய்யங்கார் தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, 78-வது வயதில் கொடைக்கானலில் காலமானார். அவர் போன பிறகு, 1960-களில் பிள்ளைகள் சக்கரம், பிரேக், மின்சாரச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலைகளை எழுப்பினார்கள். 1970-களின் தொடக்கத்தில் பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அந்தப் பஸ்களைக் கொண்டுதான் தொடங்கியது.

திருச்சியில் கண்டக்டர்கள் இப்போதும் டி.வி.எஸ். டோல்கேட் என்று கூவித்தான் ஆள் ஏற்றுகிறார்கள்.