கானி மேக்

கானி மேக் (டிசம்பர் 22, 1862 - பெப்ரவரி 8, 1956) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பேஸ்பால் (அடிபந்தாட்ட) வீரரும், அணி மேலாளரும், அணி உரிமையாளரும் ஆவார். இவரது இயற்பெயர் கொர்னேலியஸ் மெக்கிலிகடி. 1901 முதல் 1950 வரை தொடர்ந்து 50 பருவங்கள் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியின் மேலாளராகப் பணியாற்றினார். மேலாளராக 3,731 ஆட்டங்களில் வெற்றியும் 3,948 ஆட்டங்களில் தோல்வியும் கண்டார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உயர்நிலைப் போட்டிகளில் மிகுதியான வெற்றிகளைப் பெற்ற மேலாளரும், மிகுதியான தோல்விகளைப் பெற்ற மேலாளரும் இவரே. இவரது காலத்தில் அத்லெட்டிக்ஸ் அணி 9 முறை தன் லீக்கில் முதலிடத்தையும், 17 முறை கடைசி இடத்தையும் பெற்றது.

இளமை

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்கு புரூக்பீல்ட் என்னும் சிற்றூரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் மேக் பிறந்தார். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டு ஆலை வேலைக்குச் சென்றார். 1884இல் கனெடிகட் மாநிலத்தின் மெரிடன் நகர அணியில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தார்.

விளையாட்டு வாழ்க்கை

மேக் ஒரு கேட்சர் ஆவார். துடுப்பாட்டத்தில் இலக்குக் காப்பாளரைப் போல, மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவரே கேட்சர். 1886 முதல் 1889 வரை வாஷிங்டன் அணிக்காக ஆடினார். 1890இல் ஊதியக் கட்டுப்பாடுகளை எதிர்த்து ஆட்டக்காரர்களே தொடங்கிய பிளேயர்ஸ் லீக்கில் பஃபலோ அணியில் சேர்ந்ததோடு, தமது சேமிப்பையும் அவ்வணியில் முதலீடு செய்தார். அந்த லீக் ஒரே பருவத்தில் மூடப்பட்டதால் அப்பணத்தை இழந்தார். 1891 முதல் 1896 வரை பிட்ஸ்பர்க் அணியில் ஆடினார். 1894இல் அதன் மேலாளராகவும் ஆனார். பின்னர் 1897 முதல் 1900 வரை மில்வாக்கி அணியை நடத்தினார்.

பிலடெல்பியாவில்

1901இல் அமெரிக்கன் லீக், பழைய நேஷனல் லீக்குக்குப் போட்டியாக உயர்நிலை லீக்காகத் தன்னை அறிவித்துக் கொண்டது. பிலடெல்பியாவில் நேஷனல் லீக்கின் பில்லீஸ் அணி ஏற்கனவே இருந்தது. அங்கு புதிய அணியொன்றை உருவாக்கும் பொறுப்பு மேக்கிடம் தரப்பட்டது. விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளரான பென் ஷைப் முதன்மை உரிமையாளரானார். மேக் கால் பங்கு பெற்றார். பின்னாளில் அது அரைப் பங்காக உயர்ந்தது.

பில்லீஸ் அணியின் சிறந்த மட்டையாளரான நாப்போலியன் லாஜுவாயை மேக் தம் பக்கம் இழுத்தார். 1902இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் இதைத் தடை செய்யவே, லாஜுவாய் கிளீவ்லாந்து அணிக்குச் சென்றார். அவர் இல்லாமலேயே அத்லெட்டிக்ஸ் அவ்வாண்டு லீக்கில் முதலிடம் பெற்றது. நியூயார்க் ஜயன்ட்ஸ் மேலாளர் ஜான் மெக்ரா இவ்வணியைப் பயனற்ற செலவு என்னும் பொருளில் வெள்ளை யானை என ஏளனம் செய்தார். மேக் அதனையே அணியின் சின்னமாக ஏற்றுக் கொண்டார்.

மேக் அணிச் சீருடை அணியாமல் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தே ஆட்டத்தை நடத்தினார். கையிலிருந்த ஆட்டக் குறிப்பு அட்டையை அசைத்து, களத்தில் நிற்போர் எங்கு நகர வேண்டும் எனக் காட்டுவார்.

முதல் எழுச்சியும் வீழ்ச்சியும்

1909இல் எஃகும் கற்காரையும் கொண்டு கட்டப்பட்ட ஷைப் பார்க் அரங்கம் திறக்கப்பட்டது. அங்கு அத்லெட்டிக்ஸ் 1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில், இரு லீக்குகளின் முதல்வர்கள் மோதும் உலகத் தொடரை வென்றது. எடி காலின்ஸ், பிராங்க் பேக்கர், ஜாக் பேரி, ஸ்டஃபி மெக்கின்னிஸ் ஆகிய நால்வரும் இவ்வணியின் தூண்களாக விளங்கினர்.

1914இல் மீண்டும் முதலிடம் பெற்ற அணி, உலகத் தொடரில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்றது. அதே ஆண்டில் உயர்நிலைப் போட்டியில் இறங்கிய ஃபெடரல் லீக், ஆட்டக்காரர்களுக்கு மிகுந்த ஊதியம் தர முன்வந்தது. அதற்கு ஈடு கொடுக்க மேக்கினால் இயலவில்லை. பிற உரிமையாளர்கள் பலரைப் போல அவருக்கு வேறு தொழில் கிடையாது. நுழைவுச்சீட்டு வருவாயே அணியின் முதன்மை ஆதாரம். எனவே காலின்ஸை 50,000 டாலருக்கு சிகாகோ அணிக்கு விற்றார். பந்து வீச்சாளர்கள் எடி பிளாங்க், சீஃப் பெண்டர் ஆகியோரை விடுவித்தார்.

விளைவு கடுமையாக இருந்தது. 1914இல் 99 ஆட்டங்களை வென்ற அணி, 1915இல் 43 ஆட்டங்களையே வென்றது. 1916இல் 36 வெற்றிகளும் 117 தோல்விகளும் பெற்றது. 1901க்குப் பிந்தைய உயர்நிலைப் போட்டிகளில் இதுவே மிகக் குறைந்த வெற்றி விழுக்காடாகும். 1915 முதல் 1921 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அணி கடைசி இடத்தில் இருந்தது. பிற அணிகளில் இவ்வளவு தோல்விக்கு மேலாளர் நீக்கப்படுவது வழக்கம். மேக் பங்கு உரிமையாளராகவும் இருந்தமையால் பதவியில் நீடித்தார்.

இரண்டாம் எழுச்சியும் வீழ்ச்சியும்

1920களில் மேக் அணியைப் புதிதாகக் கட்டினார். லெஃப்டி குரோவ், மிக்கி காக்ரேன், அல் சிம்மன்ஸ், ஜிம்மி ஃபாக்ஸ் ஆகியோரைச் சேர்த்தார். இவர்களுள் ஃபாக்ஸை அனுப்பி வைத்தவர், அப்போது ஈஸ்டன் என்னும் சிற்றூர் அணியை நடத்தி வந்த பழைய வீரர் பிராங்க் பேக்கர். அணி 1929, 1930, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களை வென்று லீக்கில் முதலிடமும், முதல் இரு ஆண்டுகளில் உலகத் தொடரும் பெற்றது. 1929 உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் சிகாகோ கப்ஸ் அணியிடம் 0-8 எனப் பின்தங்கியிருந்த அத்லெட்டிக்ஸ், ஏழாம் இன்னிங்ஸில் 10 ஓட்டங்கள் எடுத்து 10-8 என வென்றது.

அதே மாத இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து பெரும் பொருளியல் வீழ்ச்சி தொடங்கியது. பார்வையாளர் வரவு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டண ஆட்டம் நடத்த 1933 வரை பென்சில்வேனியாவில் தடை இருந்தது. மேக் மீண்டும் தம் வீரர்களை விற்றார். 1932இல் சிம்மன்ஸும், 1933இல் குரோவும் காக்ரேனும், 1935இல் ஃபாக்ஸும் வெளியேறினர். 100,000 டாலருக்கு விற்கப்பட்ட காக்ரேன், 1935இல் டிட்ராய்ட் அணியின் மேலாளராக உலகத் தொடரை வென்றார். அதே ஆண்டில் அத்லெட்டிக்ஸ் கடைசி இடத்தில் இருந்தது.

அரங்கத்தின் வலப்புற மதிலுக்கு அப்பால் இருந்த வீட்டுக்காரர்கள் தம் கூரைகளில் இருக்கை அமைத்துக் கட்டணம் பெற்று ஆட்டம் பார்க்க விட்டு வந்தனர். வருவாய் குறைந்த நிலையில் 1935இல் அணி நிர்வாகம் அம்மதிலை உயர்த்தி அக்காட்சியை மறைத்தது. இதனால் அப்பகுதி மக்களின் மனக்கசப்புக்கு ஆளாயிற்று.

இறுதிக் காலம்

மேக் 1937இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் அணி மீளவில்லை. 1938 முதல் பில்லீஸ் அணியும் ஷைப் பார்க்கிலேயே ஆடி வந்தது. நெடுங்காலம் பின்தங்கியிருந்த அவ்வணி 1950இல் நேஷனல் லீக்கில் முதலிடம் பெற்றது. அதே அரங்கில், அதே ஆண்டில், அத்லெட்டிக்ஸ் 52 வெற்றிகளும் 102 தோல்விகளும் பெற்றுக் கடைசி இடம் அடைந்தது. அப்பருவத்தின் முடிவில் 87 வயதான மேக் பதவி விலகினார்.

அணியை அவரது மகன்கள் ராய், எர்ல் ஆகியோர் கடன் சுமையுடன் நடத்தினர். 1953இல் அரங்கத்துக்கு கானி மேக் ஸ்டேடியம் எனப் பெயரிடப்பட்டது. 1954இல் அணி ஆர்னால்ட் ஜான்சன் என்பவருக்கு விற்கப்பட்டு, 1955 பருவத்துக்குக் கான்சஸ் சிட்டிக்கு இடம் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரி 8 அன்று மேக் பிலடெல்பியாவில் தமது 93ஆம் வயதில் காலமானார்.

மரபு

அத்லெட்டிக்ஸ் 1968இல் ஓக்லாந்துக்குச் சென்றது. 2024 பருவத்துடன் அந்நகரையும் விட்டு நீங்கியது. வெள்ளை யானைச் சின்னம் அணியுடனேயே பயணம் செய்தது. கானி மேக் ஸ்டேடியத்தில் பில்லீஸ் அணி 1970 வரை ஆடியது. 1976இல் அவ்வரங்கம் இடிக்கப்பட்டு, பின்னர் அவ்விடத்தில் தேவாலயம் ஒன்று எழுப்பப்பட்டது. மேக்கின் சிலை, அவர் ஒருகாலத்தில் எதிர்த்துப் போட்டியிட்ட பில்லீஸ் அணியின் அரங்க வளாகத்தில் உள்ளது.