நலிதலும் தேய்தலும்: ஜான் கீட்ஸ் வாழ்வு

குறைவையும் மெலிவையும் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. ஒரே பொருளன போலத் தோன்றினும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று நில்லாது. நீரின்றி வாடிய பயிர் நீர் பெற்றால் தழைக்கும். ஆதலின் வாடுதலில் மீட்சிக்கு இடமுண்டு. கல்லில் தேய்ந்த சந்தனக்கட்டை மீண்டும் வளர்வதில்லை. திங்களோ தேய்ந்தும் வளர்கிறது. செல்வமும் புகழும் குன்றுகின்றன. முதுமையில் உடல் தளர்கிறது. நலிதல் என்னும் சொல்லுக்கோ தனி இயல்பு ஒன்றுண்டு. மனிதன் நோயால் நலிகிறான் என்கிறோம். நோய் மனிதனை நலிகிறது என்பதும் பழந்தமிழ் வழக்கே. வருத்துவது எது என்னும் வினா அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. இவ்வேறுபாட்டின் அருமையை உணர்த்துவது ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்சின் வாழ்வு.

அவர் 1795 அக்டோபர் 31 அன்று இலண்டனில் பிறந்தார். குதிரை இலாயம் நடத்திய தந்தை 1804இல் குதிரையினின்று விழுந்து இறந்தார். 1810இல் தாயை நுரையீரல் நோய் கொண்டுபோயிற்று. அருகிருந்து பணிவிடை செய்த மைந்தனுக்கு அப்போது வயது 14. பின்னர் அவர் ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பயின்றார். இலண்டன் கைஸ் மருத்துவமனையில் கற்று, 1816இல் மருத்துவம் செய்ய உரிமம் பெற்றார். பெற்ற உரிமத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கவிதையைத் தேர்ந்தார்.

தாயைக் கொன்ற நோய்க்கு அந்நாளில் வழங்கிய பெயர்களை நோக்குக. ஆங்கிலேயர் அதனைக் கன்சம்ப்ஷன் என்றனர்; தின்று தீர்த்தல் என்பது அதன் கருத்து. டிக்ளைன் என்றும் கூறினர்; அது கீழ்நோக்கிச் சரிதலாகும். கிரேக்கர் இட்ட பெயரும் உடல் கரைந்து மெலிவதையே சுட்டியது. வடமொழியாளர் க்ஷயம் என்றனர். உரோகிணியிடம் மட்டும் அன்பு காட்டிய சந்திரன் தக்கன் சாபத்தால் தேய்ந்த கதை இப்பெயரோடு ஒட்டியது. நம்மவர் எலும்புருக்கி என்றனர். இப்பெயர்கள் எல்லாம் நோயாளியின் தோற்றத்தைக் கூறுமேயன்றி நோயின் காரணத்தைக் கூறா.

கவிஞர்க்கு இதில் ஓர் இடர் உண்டு. நம் அகப்பாடல்களில் தலைவி மெலிகிறாள், பசலை படர்கிறது, வளை நெகிழ்கிறது. தலைவன் மீண்டால் நலனும் மீளும். அம்மெலிவு வாடுதலின் பாற்பட்டது, ஆகவே அழகுடையது. ஐரோப்பாவிலும் காதல் மெலிவின் அழகு நுரையீரல் நோயின் மேல் ஏற்றப்பட்டது. வெளிறிய முகமும் ஒளிரும் கண்ணும் மேதைமையின் அடையாளம் என்று 19ஆம் நூற்றாண்டு போற்றியது.

கீட்ஸ் அப்பொய்யை நம்பும் நிலையில் இல்லை. 1818இல் அவர் வெளியிட்ட எண்டிமியன், நிலாத் தெய்வம் காதலித்த இளைஞனைப் பற்றிய நெடும்பாடல். திறனாய்வு ஏடுகள் அதனை எள்ளி நகையாடின. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று, அவர் இரவு பகலாகப் பேணிய தம்பி டாம் அதே நோய்க்கு இரையானான். அடுத்த ஆண்டில்தான் கீட்சின் புகழ்பெற்ற பாடல்கள் பிறந்தன. பேனி பிரான் என்னும் நங்கையோடு மண உறுதியும் நிகழ்ந்தது. 1819 செப்டம்பரில் வின்செஸ்டரில் எழுதிய இலையுதிர்காலப் பாடலில் ஆண்டின் முடிவைப் பாடியவர், புலம்பலை விடுத்துக் கனிவையும் விளைவையுமே முன்னிறுத்தினார்.

1820 பிப்ரவரி 3 இரவு, குளிரில் வண்டியின் வெளியிருக்கையில் பயணம் செய்து திரும்பியவர் இருமினார். துணியில் ஒரு துளி குருதி விழுந்தது. மெழுகுவிளக்கொளியில் அதன் நிறத்தைக் கண்டதும் மருத்துவம் கற்ற அவருக்கு முடிவு விளங்கிவிட்டது. மருத்துவர்களோ இழந்த குருதி போதாதென்று மேலும் குருதி வடித்தனர். செப்டம்பரில் ஓவியர் ஜோசப் செவர்ன் துணையோடு இத்தாலிக்குக் கப்பலேறினார். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் தடைக்காவலில் கிடந்து, 25ஆம் பிறந்தநாளில் கரையிறங்கினார். உரோமில் அவரைக் கவனித்த மருத்துவர் முதலில் வயிற்றையே குறை கூறினார். நாளொன்றுக்கு ஒரு நெத்திலி மீனும் ஒரு துண்டு ரொட்டியுமே உணவென விதிக்கப்பட்டது. குருதி வடித்தலும் தொடர்ந்தது. நோயோடு பசியும் அவரை நலிந்தது. 1821 பிப்ரவரி 23 அன்று உயிர் பிரிந்தது. உடலை அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் ஏறக்குறைய முற்றும் அழிந்திருந்தது. தொற்றுக்கு அஞ்சிய உரோம ஆட்சியினர் அறையின் பொருள்களை எரித்தனர்.

இறந்தபின் ஒரு கதை எழுந்தது. கொடிய திறனாய்வே கீட்சைக் கொன்றது என ஷெல்லி தம் இரங்கற்பாவின் முன்னுரையில் எழுதினார். பெயரில்லாமல் ஒரே வரி பொறிக்குமாறு கீட்ஸ் வேண்டியிருந்தார்; நண்பர்களோ பகைவரின் கொடுமையைக் கல்லறைக் கல்லில் சேர்த்துவிட்டுப் பின்னாளில் வருந்தினர். நோயைத் தேய்தல் என்று கண்டோர் காரணத்தைத் தேடவில்லை. நலிதல் என்று கண்ட நண்பர்களோ காரணத்தைப் பிழையாகச் சுட்டினர். உண்மையான பகை 1882 மார்ச் 24 அன்று வெளிப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை இராபர்ட் காக் அன்று பெர்லினில் அறிவித்தார். 1940களில் மருந்தும் வந்தது.

இன்று இந்நோய் தீரக்கூடியது. ஆயினும் உலகின் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். ஆதலின் இது நம் வட்டத்துக் கவிஞர்களுக்கும் உரிய செய்தி. பிரிவைப் பாடுகையில் வாடுதல் வரலாம். பிறையைப் பாடுகையில் தேய்தல் வரலாம். நோயாலும் வறுமையாலும் மெலிந்த மனிதனைப் பாடுகையில் நலிதல் என்னும் சொல்லையே நாடுவோம். எது நலிகிறது என்று கேட்கச் செய்யும் சொல் அது. கேட்டால்தான் விடை கிடைக்கும்; விடை கிடைத்தால்தான் மனிதன் பிழைப்பான்.