ஸ்பெல்லிங் வேண்டாத எந்திரம்: ஹெர்மன் ஹோலரித்

ஹெர்மன் ஹோலரித் என்றதும் நம் நினைவுக்கு வருவது பஞ்ச் கார்டு. அந்த மேதைக்குச் சின்ன வயசில் ஸ்பெல்லிங் என்றாலே ஆகாது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது!

1860 பிப்ரவரி 29-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். ஸ்பெல்லிங் வகுப்பு வந்தாலே பையன் நழுவிடுவானாம். ஒருநாள் ஆசிரியர் கதவைப் பூட்டிவிட, மாடி ஜன்னல் வழியா குதிச்சு ஓடிட்டான் என்று சொல்வார்கள். அதே பையன் 1879-ல், 19 வயதில், கொலம்பியாவில் சுரங்கப் பொறியியல் பட்டம் பெற்றான்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை. 1880-ல் எடுத்த 5 கோடி பேரின் விவரங்களைக் கையால் கூட்டி முடிக்க ஏழு ஆண்டுக்கு மேல் ஆச்சு. இதற்கு எந்திரம் வேண்டும் என்ற எண்ணத்தை விதைத்தவர் அங்கிருந்த மூத்த அதிகாரி ஜான் ஷா பில்லிங்ஸ். ரயில் டிக்கெட்டில் பயணியின் அடையாளத்தைத் துளை போட்டுக் குறிப்பதைப் பார்த்த ஹோலரித்துக்கு வழி பிறந்தது. 1889-ல் காப்புரிமையும் கிடைத்தது.

1890 கணக்கெடுப்பில் ஆளுக்கு ஓர் அட்டை. வயது, தொழிலோடு அவர் பிறந்த நாடு, தாய் தந்தை பிறந்த நாடு எல்லாமே துளைகள்தான். துளை உள்ள இடத்தில் ஊசி இறங்கிப் பாதரசத்தைத் தொடும், மின்சுற்று மூடும், முள் ஓர் எண் நகரும். ஒருத்தர் ஜெர்மனி என்பார், இன்னொருத்தர் பிரஷ்யா என்பார், மூன்றாமவர் டாய்ச்லாண்ட் என்பார். துளைக்கு ஏது ஸ்பெல்லிங்?

ஆனால் எந்த இடத்தில் துளை போடுவது? அதை முடிவு செய்தவர் குமாஸ்தா. அன்று போலந்து என்ற தேசம் வரைபடத்திலேயே கிடையாது; மூன்று பேரரசுகள் பங்கு போட்டிருந்தன. போலந்துக்காரரை ரஷ்யாவில் குத்திவிட்டால் அவர் ரஷ்யர்தான். எந்திரம் ஏன் என்று கேட்காது.

ஹோலரித் 1896-ல் தொடங்கிய நிறுவனம் 1911-ல் வேறு நிறுவனங்களோடு இணைந்து, 1924-ல் ஐ.பி.எம். ஆனது. 1929 நவம்பர் 17-ல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற சிக்கல் மட்டும் மறையவில்லை.

1974-ல் நாடுகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 3166 குறியீடுகள் வந்தன. 1989-ல் பர்மா மியான்மர் ஆனதும் பி.யூ. என்ற குறியீடு எம்.எம். ஆச்சு. பழைய கோப்பில் பர்மா, புதியதில் மியான்மர்; கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. எழுத்து ஒற்றுமையை மட்டும் பார்க்கும் புரோகிராமோ, நைஜரையும் நைஜீரியாவையும் ஒன்றாக்கிடும்! பழைய பெயர், புதுப் பெயர், பிற மொழிப் பெயர் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டுக்குக் கொண்டுவரும் அட்டவணை வேண்டும். அதிலும் சிக்காத பெயரைத் தனியே ஒதுக்கி, மனிதர் பார்க்க விட வேண்டும்.

நண்பர்களே, நாளை நாம் எழுதப்போகும் புரோகிராமிலும் ஒரு குமாஸ்தா ஒளிந்திருப்பார். ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிறார். அவரை ஊர் மாற்றி அனுப்பிடாதீங்க!