விமானத் தளத்துக்குப் பறிபோன ஊரின் எழுத்தாளர்

காலியிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறது கொக்கலை. சிங்கள இலக்கியத்தின் முதன்மையான எழுத்தாளர்களில் ஒருவரான மார்ட்டின் விக்கிரமசிங்க 1890 மே 29 அன்று இங்கே பிறந்தார். இளவயதிலேயே கொழும்புக்குப் போய்க் கணக்கெழுதிப் பிழைத்தவர், 1914இல் முதல் நாவலை வெளியிட்டார். 1932இல் 'தினமின' ஆசிரியரானார்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்தது இலங்கை என்று பிரித்தானியர் அஞ்சினர். அலையில்லாத கொக்கலை வாவி, தண்ணீரில் இறங்கும் கட்டலினா விமானங்களுக்கு வாய்ப்பான இடம். தளத்துக்காக ஊரவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் தப்பியது.

அந்த ஏப்ரல் 4ஆம் திகதி இங்கிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பினார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் விமானங்கள் இந்த வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு, இடையில் எங்கும் நிற்காமல் ஒரு நாளுக்கும் மேலாகப் பறந்தன. விமான வரலாற்று நூல்கள் இவற்றை மறக்கவில்லை. வெளியேறிய குடும்பங்களுக்கு அந்த நூல்களில் இடமில்லை.

விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' 1944இல் வந்தது. அது விமானத் தளத்தின் கதையல்ல. பணமும் வணிகமும் தென்னிலங்கைக் கிராமமொன்றின் பழைய குடும்பங்களைக் கரைத்த கதை. எம்.எம்.உவைஸ் அதைத் தமிழில் 'கிராமப் பிறழ்வு' ஆக்கினார். 1947இல் வந்த 'மடொல் தூவ', கொக்கலை வாவியின் தீவொன்றுக்குப் போகும் சிறுவர்களின் கதை. ஊர் போன பின்னும் அதன் வாவி வாசகர்களிடம் மிஞ்சியது.

பலாலியைச் சுற்றிய ஊர்களிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. பலாலி ஓடுபாதையும் அதே உலகப்போரில் பிரித்தானியர் போட்டதுதான். இரண்டு இடப்பெயர்வுகளும் ஒன்றல்ல. காரணமும் காலமும் வேறு. ஆனால் வீடு இருந்த இடத்தில் விமானம் இறங்குவதைப் பார்ப்பது என்னவென்று எங்களுக்கும் தெரியும்.

விக்கிரமசிங்க 1976 ஜூலை 23 அன்று காலமானார். 1981இல் அவரது வீட்டு வளவில் நாட்டார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே இருப்பவை உழவுக் கருவிகள், மீன்பிடிச் சாமான்கள், சட்டி பானைகள். அரும்பொருளென்று எவரும் நினைக்காதவை. எங்கள் ஊர்களின் ஒழுங்கைப் பெயர்களும் கிணறுகளும் கோயில் வீதிகளும் இன்னும் சில முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.