ஒரு வருட மேயரும் பூண்டி ஏரியும்

மூன்றாம் வருடம் நம் சிவில் வகுப்பு பூண்டிக்குப் போனது நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். மதகுகளை எண்ணினோம், புளிசாதம் சாப்பிட்டோம், திரும்பினோம். இதைக் கட்ட வைத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை.

கட்ட வைத்தவர் எஸ். சத்தியமூர்த்தி. 1887-ல் திருமயத்தில் பிறந்தவர். வக்கீல், காங்கிரஸ் பேச்சாளர், நாடகப் பிரியர், காமராஜரின் அரசியல் குரு. இதெல்லாம் தெரிந்த கதைதான். 1939-ல் அவர் சென்னை மேயரானார். அன்றைக்கு மேயர் பதவி ஒரே வருடம். அதற்குள் நாலு பார்க் திறந்து, விளக்குக் கம்பம் நட்டுப் பேர் வாங்கிவிடலாம். (நான் எஸ்டிமேட் கொண்டுபோகிற இடங்களிலும் முதல் கேள்வி, எங்க பீரியடுக்குள்ள முடியுமா என்பதுதான்!)

நகரம் பெருகிக்கொண்டிருந்தது. குடிநீருக்குச் செங்குன்றம், சோழவரம் ஏரிகள் போதவில்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீரைத் தேக்கி, கால்வாய் வழியாக அந்த ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டத்தை இவர் கையிலெடுத்தார். யுத்த காலம் வேறு; அனுமதி தர வேண்டியது வெள்ளைக்கார சர்க்கார். டில்லி சட்டசபையில் அவர்களைக் கிழி கிழின்னு கிழித்தவர் இவர்! ஆனாலும் விடாமல் அனுமதி வாங்கிவிட்டார். 1940-ல் அடிக்கல் நாட்டியாச்சு.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதானார். அமராவதி சிறைக்குக் கொண்டுபோனபோது முதுகெலும்பில் அடி. 1943 மார்ச்சில் சென்னை பொது மருத்துவமனையில் காலமானார்.

பூண்டி ஏரி திறந்தது 1944-ல். சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயர் பின்னால் வந்தது.